நீரியல் தடுப்புத் தொகுதி: மிதி மென்மையாவதற்கான வழுவை இனங்காணல்

தடுப்பு மிதியை அழுத்தும்போது அது உறுதியாக நில்லாது மென்மையாக உணரப்படின் தொகுதியில் வழு உண்டு. இதற்குக் காரணம் கேட்கப்படின் "வளி புகுந்துள்ளது" என்று மட்டும் எழுதுவது போதாது. வழு எதுவென்பதை மிதியின் நடத்தையே காட்டும்.

1. தத்துவம்

அடைக்கப்பட்ட திரவத்தின் மீது பிரயோகிக்கப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கடத்தப்படும் (பஸ்காலின் தத்துவம்).

உதாரணம்: பிரதான சிலிண்டரின் முசலத்தில் 800 நியூட்டன் விசை தாக்குகிறது. முசலத்தின் பரப்பளவு 4 சதுர சென்ரிமீற்றர் எனின், அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 200 நியூட்டன் ஆகும். இவ்வமுக்கம் 5 சதுர சென்ரிமீற்றர் பரப்புடைய சில்லுச் சிலிண்டரின் முசலத்தில் 1000 நியூட்டன் விசையை ஏற்படுத்தும்.

திரவம் அநேகமாக நெருக்கப்பட முடியாதது என்பதாலேயே இது நிகழ்கிறது. வாயு நெருக்கப்படக்கூடியது. எனவே குழாயில் வாயு இருப்பின் மிதியின் அசைவு அதனை நெருக்குவதிலேயே வீணாகும்.

2. பழைய வாகனத்தில் ஆபத்து ஏன் அதிகம்?

1948இல் உற்பத்தி தொடங்கிய மொரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு சில்லுகளிலும் பறைத் தடுப்புகள் உள்ளன. ஒரே பிரதான சிலிண்டரும் ஒரே எண்ணெய்ச் சுற்றுமே நான்கிற்கும் பொதுவானவை. ஆகவே ஓரிடத்தில் ஏற்படும் பெரிய கசிவு நான்கு சில்லுகளின் தடுப்பையும் இழக்கச் செய்யும். இரட்டைச் சுற்று உள்ள வாகனத்தில் ஒரு சுற்று பழுதடைந்தாலும் மற்றையது இயங்கும்.

3. மிதியின் நடத்தையும் வழுவும்

(அ) பஞ்சு போல் அமிழ்ந்து மீளல்: தொகுதியில் வளி உள்ளது. பல தடவை அழுத்தினால் மிதி சற்று உயரும். ஆயினும் பஞ்சுத்தன்மை நீங்காது.

(ஆ) தாழ்வாகச் சென்று, இரண்டாம் மூன்றாம் அழுத்தலில் உயர்ந்து உறுதியாதல்: தடுப்புச் சப்பாத்துகள் தேய்ந்து, பறைக்கும் அவற்றிற்கும் இடையிலான இடைவெளி கூடியுள்ளது. இங்கு தேவைப்படுவது வளி நீக்கல் அன்று, சப்பாத்துகளைச் செப்பஞ்செய்தலே.

(இ) தொடர்ந்து அழுத்தியிருக்கையில் மெல்லக் கீழிறங்கல்: எண்ணெய் கசிகிறது. தாங்கியில் மட்டம் குறையின் வெளிக்கசிவு. மட்டம் குறையாவிடின் பிரதான சிலிண்டரின் இறப்பர் அடைப்பு தேய்ந்து, எண்ணெய் முசலத்தைத் தாண்டித் திரும்புகிறது.

(ஈ) நீண்ட இறக்கத்தில் மட்டும் மென்மையாதல்: நுவரெலியாவிலிருந்து றம்பொடை ஊடாகக் கண்டி நோக்கி இறங்குகையில் தடுப்பை இடைவிடாது பயன்படுத்தினால் பறைகள் மிகவும் சூடேறும். தடுப்பு எண்ணெய் வளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியசாக இருக்க வேண்டும். நீர் கலந்த நிலைக்கான இழிவுப் பெறுமானம் 140 பாகை மாத்திரமே. கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆறிய பின் மிதி வழமைக்குத் திரும்புவதால் கராஜில் இவ்வழு புலப்படாது. எண்ணெய் முழுவதையும் மாற்றுதலே பரிகாரம். இறக்கத்தில் தாழ் கியரைப் பயன்படுத்துதல் இந்நிலையைத் தவிர்க்க உதவும்.

4. சோதிக்கும் ஒழுங்கு

1. தாங்கியின் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தல்.
2. குழாய்கள், இணைப்புகள், சில்லுகளின் உட்பக்கம் ஆகியவற்றில் ஈரம் உண்டா எனப் பார்த்தல்.
3. மிதியை ஒரு நிமிடம் வரை சீராக அழுத்தியிருந்து, இறங்குகிறதா என அவதானித்தல்.
4. சப்பாத்துகளைச் செப்பஞ்செய்தல்.
5. பின்னரும் பஞ்சுத்தன்மை இருப்பின் வளி நீக்கல். பிரதான சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்குக.

கவனிக்க: வெளியேறிய எண்ணெயை மீண்டும் ஊற்றலாகாது. எஞ்சின் எண்ணெய் இறப்பர் அடைப்புகளைப் பழுதாக்கும். பல தடவை மிதித்தால் தடுப்பு பிடிக்கிறது என்பதற்காக வாகனத்தைத் தொடர்ந்து ஓட்டலாகாது; அவசர வேளையில் இரண்டாம் தடவை மிதிக்க அவகாசம் கிடையாது.

மாதிரி வினா

மிதியை அழுத்தியிருக்கையில் அது மெல்ல இறங்குகிறது. தாங்கியின் எண்ணெய் மட்டம் குறையவில்லை. வழுவையும் பரிகாரத்தையும் தருக. (4 புள்ளிகள்)

விடை: பிரதான சிலிண்டரின் இறப்பர் அடைப்பு தேய்ந்துள்ளது (2). அடைப்பை அல்லது சிலிண்டரை மாற்றி, வளி நீக்க வேண்டும் (2).