சாய்ந்த டிரெய்லருக்கு ஒற்றைப் பட்டை வைத்தியமா?

சித்தூர் பைபாஸ் ஓரமாகப் போய் வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. இரும்புப் பட்டையின் மீது சம்மட்டி விழும் சத்தம்தான் அது. லாரியும் டிராக்டரும் வந்து நிற்கும் இடமென்றால் ஒரு கமான் பட்டறை இல்லாமல் இருக்காது. திருப்பதியிலும் அப்படித்தான். கமான் என்றால் வில். உருது வழியாக வந்த சொல். நம்மவர்களும் தெலுங்குக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். வில்லைப் போல வளைந்த பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் கொடுத்து, அச்சோடு சேர்த்துக் கட்டிய கட்டுதான் வண்டியின் பாரம் முழுவதையும் தாங்குகிறது.

இந்தப் பட்டறைகளில் வேலை செய்வோரிலும், அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் டிரைவர்களிலும் வேலூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் இருக்கிறார்கள். என் மனைவியின் தம்பியும் அவர்களில் ஒருவன். சித்தூரில் ஒருவரிடம் டிராக்டர் ஓட்டுகிறான். மாங்காய்க் காலத்தில் மாங்காய், மற்ற நாட்களில் கரும்பு, செங்கல், மணல் என்று எது கிடைக்கிறதோ அது.

ஒரு சனிக்கிழமை இரவு அவனிடமிருந்து போன் வந்தது. "மாமா, டிரெய்லர் இடது பக்கம் சாயுது. ஓனர் அந்தப் பக்கம் மட்டும் ஒரு பட்டை சேர்த்துப் போட்டுக்கோன்னு சொல்றாரு. எனக்கு என்னவோ மனசு ஒப்பலை" என்றான். மறுநாள் எனக்கு விடுமுறை. திருப்பதியில் ரயிலேறி, பாகாலா வழியாகச் சித்தூர் போய்ச் சேர்ந்தேன். அன்று பட்டறையில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். டிரைவர் வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பயன்பட வேண்டும்.

இரண்டு அங்குலம் நான்கு அங்குலமாகும்

சாய்ந்தால் என்ன, ஓடுகிறதே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கமான்களுக்கும் நடுவே 3 அடி இடைவெளி. ஒரு பக்கம் 2 அங்குலம் தாழ்ந்திருக்கிறது. அப்படியானால் 6 அடி உயரத்தில் அடுக்கிய சுமையின் உச்சி, 4 அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். நகர்ந்த சுமை, ஏற்கெனவே தாழ்ந்த கமானையே மேலும் அழுத்தும். திருமலைப் பாதையில் பஸ்ஸில் போனவர்களுக்கு, வளைவில் உடம்பு எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாய்ந்திருக்கும் பக்கமே வளைவின் வெளிப்புறமாக அமைந்து, அங்கே ஒரு பள்ளமும் வந்தால், கவிழ்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. சுமையின் மேல் கூலியாட்கள் உட்கார்ந்து வருவதும் நாம் அன்றாடம் பார்ப்பதுதான்.

இடது பக்கமே அதிகமாகச் சாய்வதற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறமாக ஓடுகின்றன. தார்ச்சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். எதிரே பஸ் வந்தால் இடது சக்கரம்தான் மண்ணில் இறங்கி ஏற வேண்டும். சுமையோடு ஓரத்தில் நிற்கும்போதும் தாழ்ந்த பக்கத்துக்குத்தான் பாரம் அதிகம். 2025 ஜூனில் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்தபோது, சித்தூர் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்கு வெளியே டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றது நினைவிருக்கும். கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவதென்று அறிவிப்பு வந்தது அப்போதுதான். விவசாயிக்கு விலைக் கவலை. டிரைவருக்கோ, சரிவில் சுமையோடு நிற்கும் வண்டியைப் பற்றிய கவலை.

அளவு நாடா சொன்னது

பட்டறை மேஸ்திரி ஐம்பது வயதைக் கடந்தவர். வந்ததும் கமானில் கை வைக்கவில்லை. "முதல்ல சுமையை இறக்கு தம்பி. மட்டமான தரையில் நிறுத்து" என்றார். பிறகு நான்கு டயர்களிலும் காற்று பார்த்தார். இடது பக்கத்து டயர் ஒன்றில் காற்று குறைவு. சமமாக நிரப்பச் சொன்னார். இரண்டு பக்கத்து டயர்களும் ஒரே அளவுதானா, தேய்மானம் ஒன்றுதானா என்றும் பார்த்தார். பாதி வண்டிகளின் சாய்வு இங்கேயே தீர்ந்துவிடும் என்பது அவர் அனுபவம். எங்கள் வண்டிக்குத் தீரவில்லை.

அடுத்து அளவு நாடா வந்தது. தரையிலிருந்து அளந்தால் டயரின் கோளாறும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே சட்டத்தின் அடிப்பகுதியிலிருந்து அச்சின் மேற்பகுதி வரை அளந்தார். வலது பக்கத்தைவிட இடது பக்கம் 2 அங்குலம் குறைவு. கோளாறு டயருக்கு மேலே என்பது தெரிந்துவிட்டது.

பிறகு கண்ணால் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். இரு பக்கமும் பட்டைகளின் எண்ணிக்கை ஒன்றா, உடைந்த பட்டை உண்டா, யு-போல்ட் தளர்ந்திருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா, நடு போல்ட் அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். நடு போல்ட் அறுந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி நண்டு நடை நடக்கும். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் நேராக வராமல் கோணலாக வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். இங்கே எல்லாம் சரியாகவே இருந்தன.

இடம் மாற்றிப் பார்த்த சோதனை

இதற்குள் ஓனரிடமிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ஒரு பட்டைக்கு இத்தனை நேரமா என்று கேட்டார். மேஸ்திரி பதில் சொல்லாமல் வேலையைப் பார்த்தார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் வலுவான முட்டு வைத்த பிறகே ஆளை உள்ளே அனுப்பினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவன் உயிரை அடகு வைக்கிறான் என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டைகளைப் பிரிக்கும்போது, கட்டைக் கிளாம்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடு போல்ட்டைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்தில் இருக்கும் பட்டை எகிறி அடித்துவிடும்.

கழற்றிய இரு கமான்களிலும் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு நூல் பிடித்து, நடுவில் வளைவின் ஆழத்தை அளந்தார். இரண்டும் ஒன்றே! கமான் தளரவில்லை. அப்படியானால் சாய்வு எங்கிருந்து வந்தது?

"ஓனருக்கு வாயால் சொன்னா நம்ப மாட்டாரு. கண்ணால் பார்க்கட்டும்" என்று சொல்லி, இடது கமானை வலதிலும் வலது கமானை இடதிலும் மாட்டினார். இதன் பொருள் எளிது. கோளாறு கமானில் இருந்தால், சாய்வும் கமானோடு மறுபக்கம் போக வேண்டும். போகவில்லை. மறுபடியும் அதே இடது பக்கம், அதே 2 அங்குலம்.

துருக் கோடு

மேஸ்திரி மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கேட்டார். இடது பக்கத்துப் பின் தொங்கலுக்கு மேலே, சட்டத்தில் படிந்திருந்த சேற்றையும் கிரீஸையும் தேய்த்து எடுத்தார். உள்ளே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. துருவின் செம்மை நிறம். சட்டம் விண்டிருந்தது! தொங்கலைத் தாங்கும் இடம் பாரத்தில் மேலே மடங்கியதால்தான் அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. என் மச்சான் முகத்தைப் பார்த்தேன். அதே வண்டியில் முதல் நாள் வரை மாங்காய் ஏற்றிக்கொண்டு, அவன் ஆலைக்கும் தோப்புக்கும் அலைந்திருக்கிறான்.

ஓனர் சொன்னபடி இடது பக்கம் மட்டும் ஒரு பட்டை சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வண்டி பார்வைக்கு நேராக நின்றிருக்கும். விறைத்துப்போன கமான் ஒவ்வொரு பள்ளத்திலும் அதிர்ச்சியை விண்ட சட்டத்துக்கே அனுப்பியிருக்கும். ஒருநாள் சுமையோடு தொங்கல் பிய்ந்து அச்சு திரும்பியிருக்கும். நோய் மறைந்திருக்கும், ஆள் போயிருப்பான்.

சட்டத்தை நிமிர்த்தி, விரிசலின் முனையில் துளையிட்டு, அது மேலும் ஓடாதபடி செய்து, பள்ளம் எடுத்து வெல்டிங் வைத்து, மேலே தகடு கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் அளந்தபோது வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் வந்தது. அவ்வளவு போதும் என்றார் மேஸ்திரி. யு-போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டார். ஒரு நடை சுமையோடு ஓட்டிவிட்டு, மறுபடியும் வந்து அவற்றை முறுக்கிக்கொண்டு போகச் சொன்னார். புதிய யு-போல்ட் முதல் ஓட்டத்தில் தளரும் என்பதை மறக்கக் கூடாது.

கமானே தளர்ந்திருந்தால்?

அப்போதும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழசு என்றால், சில மாதங்களில் வண்டி அந்தப் பக்கம் சாயும். பழைய லாரியில் கிடைத்த பட்டையை வெட்டிப் போடுவதிலும் ஆபத்து உண்டு. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 8 மில்லிமீட்டருக்குப் பதிலாக 10 மில்லிமீட்டர் பட்டை போட்டால், அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். பார்வைக்குத் தெரிவதோ 2 மில்லிமீட்டர்தான்.

சம்மட்டியால் தட்டி வளைவை ஏற்றும் செட்டிங்கும் உண்டு. செலவு குறைவு, ஆயுளும் குறைவு. உலையில் காய்ச்சி வளைத்தால், எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதம் கொடுக்க வேண்டும். பதம் தப்பினால் பட்டை மெழுகாகும், அல்லது கண்ணாடியாக உடையும். உடைந்த பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டுவது அறவே கூடாது. வெல்டிங் சூட்டில் பதம் கெட்டு, ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும்.

ரயில்வேயில் எப்படி?

இந்த ஜோடிக் கணக்கு பட்டறைக்காரர்களின் பிடிவாதம் அல்ல. திருப்பதியில் ரயில்வேயின் பெட்டி பழுதுபார்க்கும் பணிமனை இருக்கிறது. பயணிகள் பெட்டிகளில் இருப்பது கமான் அல்ல, சுருள் ஸ்பிரிங். ஆனால் நியாயம் ஒன்றே. பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பெட்டிகளின் ஸ்பிரிங்குகளைப் பழுதுபார்க்கும்போது, ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் குறித்த பாரம் கொடுத்து அழுத்தி, உயரத்தை அளந்து, ஏ, பி, சி என்று பிரித்து நிறம் பூசுகிறார்கள். ஒரே இனத்து ஸ்பிரிங்குகளையே ஒரு போகிக்குச் சேர்த்து மாட்ட வேண்டும் என்பது விதி. நாலு சக்கரக் கூட்ஸ் வண்டிகள் ஓடிய காலத்தில் அவற்றில் இருந்தது நம் லாரியைப் போன்ற பட்டைக் கமான்தான். ஒரு பக்கமாகப் பாரம் ஏற்றினால் வண்டி தடம் புரளும் என்பதால், சமமாக ஏற்ற வேண்டும் என்பது கூட்ஸ் ஷெட்டில் பாலபாடம். வித்தியாசம் ஒன்றுதான். ரயில்வேயில் விதியைப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார். சாலையில் அந்த ஆள் டிரைவர்தான்.

ஆசனத்தில் இருப்பது நாம்

வண்டி ஓனருடையது, பணமும் அவருடையது. நம்மவர்களில் பலர் வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்த கூச்சத்தில் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் கவிழ்ந்தால் அடியில் இருப்பவன் டிரைவர். போலீஸ் முதலில் தேடுவதும் அவனைத்தான். சண்டை போட வேண்டியதில்லை. அளவு நாடாவைப் பிடித்து ஓனரை வந்து பார்க்கச் சொன்னால் போதும். எங்கள் ஓனரும் மாலையில் வந்து பார்த்தார். துருக் கோட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, பேசாமல் மேஸ்திரி கேட்ட பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

இரவு கடைசி வண்டிக்கு என்னை ஸ்டேஷனில் விட வந்த மச்சான், "இனிமே வாரம் ஒரு தடவை அளந்துடுறேன் மாமா" என்றான். ஒரு நாடாவின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டைவிட அதிகமில்லை. டிரைவர் ஆசனத்துக்கு அடியில் அது ஒன்று கிடக்கட்டும்.