கிணறு வெட்டிக் கொடுக்குமுன் நீரைப் பரிசோதிப்போம்

கிணறு வெட்டிக் கொடுப்பதை ஸதகதுல் ஜாரியாவாகக் கருதும் சமூகம் நாம். தனவந்தர்களும் வெளிநாட்டில் தொழில் செய்யும் சகோதரர்களும் தரும் பணத்தில் நாட்டின் பல பகுதிகளிலும் குழாய்க் கிணறுகள் தோண்டப்படுகின்றன. துஆ ஓதப்படுகிறது, பெயர்ப்பலகை வைக்கப்படுகிறது. அந்த நீர் இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டதா என்ற கேள்வி மட்டும் அரிதாகவே எழுகிறது.

இக்கேள்வியின் பெறுமதியை பங்களாதேஷிடம் கற்கலாம். குளத்து நீரும் ஆற்று நீரும் பரப்பிய வயிற்றோட்ட நோய்களைத் தடுக்க, 1970களிலிருந்து யுனிசெப் போன்ற அமைப்புகளின் உதவியுடன் அங்கு இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. நோக்கம் நல்லது. ஆனால் அந்நீரில் ஆசனிக் நஞ்சு கலந்திருப்பது 1993இல்தான் அங்கு உறுதியானது. நிறமும் சுவையும் இல்லாத அந்த நஞ்சு, பல ஆண்டுகள் பருகியோருக்குத் தோல் நோய்களையும் புற்றுநோயையும் கொடுத்தது. அயலிலுள்ள மேற்கு வங்காளத்திலும் இதே நிலைதான்.

கொதிக்க வைத்தால் போதாதா என்று பலர் கேட்கின்றனர். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், ஆசனிக் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

இங்குதான் சென்னை ஐ.ஐ.டி.யின் இரசாயனவியல் பேராசிரியர் ரி. பிரதீப்பின் ஆய்வு முக்கியம் பெறுகிறது. இரும்பின் ஒருவகை ஒட்சைட்டுச் சேர்வை ஆசனிக்கைத் தன் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். துணிக்கை சிறிதாகச் சிறிதாக மேற்பரப்பு கூடும். வகுப்பில் இதற்கு நான் கற்கண்டை உதாரணம் காட்டுவேன்: கட்டியாக இருப்பதைவிடத் தூளாக்கியது விரைவில் கரைவது, நீரைத் தொடும் பரப்பு அதிகம் என்பதால்தான்.

ஆனால் மிக நுண்ணிய தூள் நீரோடு அடித்துச் செல்லப்படும். காலப்போக்கில் வேறு வடிவத்துக்கு மாறி, பிடிக்கும் ஆற்றலையும் இழக்கும். பிரதீப் குழுவினர் இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைற்றோசான் என்ற பொருளுக்குள் அத்துணிக்கைகளைச் சிறைப்படுத்தி, மணல் போன்ற மணிகளாக்கினர். 2017இல் வெளியான இந்த ஆய்வின் பயனாக, 'அம்ரித்' என்ற பெயரில் மேற்கு வங்காளக் கிராமங்களில் வடிகட்டிகள் இயங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றர் குடிநீரில் 10 மைக்ரோகிராம் ஆசனிக்கையே வரம்பாக வைத்துள்ளது. பிரதீப்புக்கு 2020இல் பத்மஸ்ரீ விருதும், 2022இல் சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பின் அப்துல் அஸீஸ் சர்வதேச நீர் விருதும் கிடைத்தன.

ஆயினும் இந்த மணிகள் எல்லா நீருக்கும் மருந்தல்ல. எந்த நஞ்சு இருக்கிறது என்று அறிந்த பின்னரே அதற்கேற்ற பொருளைத் தெரிவு செய்ய முடியும்.

எமது பதுளை மாவட்டத்தையே பாருங்கள். நான் கற்பிக்கும் தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் பலரும் பருகுவது மலை ஊற்றுகளிலிருந்து வரும் பீலித் தண்ணீர். மலசலகூடக் கழிவும் கால்நடைக் கழிவும் அதில் கலந்துவிடுவதே அங்கு பெரிய அபாயம். அதற்குக் கொதிக்க வைப்பதே சிறந்த வழி.

அதே மாவட்டத்தின் தாழ்நிலப் பகுதியான கிராந்துருகோட்டே, நாட்பட்ட சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. நோய்க்கான காரணம் இன்னும் முடிவாகவில்லை. எனினும் அங்குள்ள சில கிணறுகளின் நீரில் புளோரைட்டும் கடினத்தன்மையும் கூடுதலாக இருப்பது தெரிந்ததே. புளோரைட்டையும் கொதிக்க வைத்து அகற்ற முடியாது. ஒரே மாவட்டத்தில் இரு வேறு நீர், இரு வேறு வைத்தியம்.

எனவே பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கொடையாளிகளிடமும் நான் கேட்பது இரண்டு. ஒன்று, கிணற்றைத் திறந்து வைக்குமுன் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடம் போன்ற ஓரிடத்தில் கிருமி, புளோரைட், கடினத்தன்மை, நைத்திரேற்று, ஆசனிக் ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். செலவு, கிணறு தோண்டும் செலவில் சிறு பகுதியே. மற்றது, வடிகட்டி பொருத்தினால் அதன் பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். எந்த வடிகட்டிப் பொருளும் ஒரு நாள் நிறைந்துவிடும். மாற்றாவிட்டால் அது வெறும் அலங்காரமே.

பெயர்ப்பலகையில் கொடையாளியின் பெயருக்குக் கீழே, நீர் பரிசோதிக்கப்பட்ட திகதியும் முடிவும் எழுதப்படட்டும்.