புழுங்கலரிசி தரும் பாடம்

போர்ட்டிக்சனுக்கு அருகே சி ரூசாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் அணியணியாக நின்றன. பின்னர் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் மாறின, விறகடுப்பு மறைந்தது, கடைச் சாமான்களும் மாறின. இன்று புதுக்குடித்தனம் தொடங்கும் இளந் தம்பதியர் முன் எதை உண்பது, குழந்தைக்கு எதை ஊட்டுவது, எதை வீசி எறிவது என்னும் வினாக்கள் நிற்கின்றன. இவை புதுமையான வினாக்கள்போலத் தோன்றலாம். ஆயினும் இவற்றுள் தலையாயதற்கு இதே நெகிரி செம்பிலான் மண்ணில் நூறாண்டுகளுக்கு முன்னரே விடை தேடப்பட்டது.

சோற்றில் இருந்த புதிர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை வாட்டிய கொடிய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால்கள் மரத்துப் போகும், உடல் வீங்கும், இறுதியில் நெஞ்சு தளர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் இந்நோயால் பெருந்தொகையாக மாண்டனர். ஆனால், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. காரணம் என்ன?

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக விளங்கிய பிராட்டன் இதனைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. வேறுபாடு சோற்றில்தான் என்று அவர் துணிந்தார். 1907-இல் இதுபற்றி ஒரு பெருநூலும் வெளியிட்டார். பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என அவர் கருதியது பிற்காலத்தில் தவறென்று தெரிந்தது. ஆயினும் அவர் சுட்டிய இடம் சரியானதே.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் பிளெட்சர் 1905-இன் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். ஒரு பிரிவினருக்குப் பச்சரிசிச் சோறும், மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசிச் சோறும் அளிக்கப்பட்டன. ஓராண்டில் முதற்பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அடுத்து, பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலானில் டுரியான் தீப்புஸ் என்னுமிடத்தில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடையே ஆராய்ந்தனர். பச்சரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் அது நின்றது. நஞ்சு சேர்வதன்று, சத்துக் குறைவதே காரணம் என்பது அவர்தம் ஆய்வால் விளங்கிற்று.

அச்சத்துக்குப் பின்னர் தயமின் எனப் பெயர் வந்தது. அது நெல்லின் தவிட்டிலும் முளையிலும் மிகுதியாக உள்ளது. பச்சரிசியை ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு அதுவும் போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, சத்தின் ஒரு பகுதி நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. பிறகு தீட்டினாலும் அது எளிதில் நீங்குவதில்லை. பாட்டிமார் கையாண்ட வழக்கத்துக்கு இரசாயனம் பின்னர்தான் விளக்கம் கூறியது.

இன்றைய நோய் வேறு

பெரிபெரி இன்று மலேசியாவில் அரிது. ஆனால் வேறொரு பகை வீட்டினுள் புகுந்துள்ளது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவருள் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது நூற்றுக்கு 31 பேர். அன்று சத்துக் குறைந்த சோறு கொன்றது. இன்று அளவு மீறிய சோறும் சர்க்கரையும் வாட்டுகின்றன. ஆகவே புழுங்கலரிசி நல்லது என்பதற்காகத் தட்டு நிறையக் குவிப்பது தகாது. தட்டில் காற்பகுதி சோறு, காற்பகுதி மீன், முட்டை அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும் என்று சுகாதார அமைச்சு கூறும் அளவு நினைவில் கொள்ளத்தக்கது.

பானங்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். சர்க்கரை மிகுந்த புட்டிப் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது. ஆனால் வீட்டில் கலக்கும் தேநீரில் ஊற்றும் இனிப்புப் பாலுக்கு வரி அதிகாரி வரமாட்டார்; தாயும் தந்தையுமே காவலர்.

இந்த இனிப்புப் பாலை ஒரு காலத்தில் கைக்குழந்தைக்கே ஊட்டினர். சிங்கப்பூரில் பணிபுரிந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1939-இல் அந்நகர ரோட்டரி சங்கத்தில் பேசுகையில், இவ்வழக்கத்தால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலைக்கு நிகராகக் கண்டித்தார். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்கு டின்னும் இல்லை, குப்பையும் இல்லை, செலவும் இல்லை.

வீட்டின் பின்புறம்

உடலுக்கு நன்மை செய்யும் பழக்கம் பெரும்பாலும் மண்ணுக்கும் நன்மை செய்யும். வீட்டின் பின்னே ஒரு முருங்கை, ஒரு பாத்திக் கீரை, இரண்டு வாழை இருந்தால் கறிக்குச் சந்தையையே நம்பியிருக்க வேண்டியதில்லை. பொட்டலப் பைகளும் குறையும். காய்கறித் தோலும் வாழை இலையும் குழியில் மட்கினால் அதே பாத்திக்கு உரமாகும். குப்பையைத் தரம் பிரித்துப் போடும் விதி நெகிரி செம்பிலானில் 2015 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. சமையலறைக் கழிவு குழிக்குப் போய்விட்டால் அவ்விதியைக் கடைப்பிடிப்பதும் எளிது. மூடியில்லாத தொட்டியும் கவிழ்க்காத டின்னும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகும் என்பதால், வாரம் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பழக்கமாக வேண்டும்.

பழையன எல்லாம் நல்லவை அல்ல. புதியன எல்லாம் தீயவையும் அல்ல. இனிப்புப் பாலும் பழைய வழக்கந்தான்; அது கைவிடத்தக்கது. புழுங்கலரிசியும் பழைய வழக்கந்தான்; அது பேணத்தக்கது. பிராட்டன் செய்தது மக்களின் தட்டில் இருப்பதை உற்றுப் பார்த்ததே. இளந் தம்பதியரும் தம் தட்டை ஒருநாள் அவ்வாறு பார்ப்பின், எதை மாற்றவேண்டும் என்பது அவர்களுக்கே விளங்கும்.