நன்னாரி வேர்: தோற்றமும் இயல்பும்

கோடை வந்துவிட்டால் மதுரை மாநகரில் சர்பத்துக் கடைகள் களைகட்டிவிடும். இந்நகரின் பெயர்பெற்ற ஜிகர்தண்டாவிலும் பாலோடும் கடற்பாசியோடும் கலந்து மணப்பது நன்னாரியே. 'சர்பத்து' என்பது பருகுதலைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லினின்று பாரசீக வழியாக வந்தது. 'ஜிகர்' என்பதோ ஈரலைக் குறிக்கும் பாரசீகச் சொல். இவ்வாறு அயல்மொழிப் பெயர் தாங்கிய குவளையில் மணப்பது நம் மண்ணின் வேராகும். அவ்வேரினை நாம் அறிந்திருக்கிறோமா?

இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் மெல்லிய கொடி நன்னாரி. அழகர்மலை, சிறுமலை அடிவாரப் புதர்களிலும் வேலியோரங்களிலும் இதனைக் காணலாம். எதிரெதிராய் அமைந்த கரும்பச்சை இலைகளில் வெண்ணிற வரிகள் ஓடும். கொடியைக் கிள்ளினால் பால் வடியும். 1753இல் லின்னேயசு இதற்கு அறிவியற் பெயரிட்டார். பின்னர் இராபர்ட் பிரவுன் 'ஹெமிடெஸ்மஸ்' என்னும் பேரினத்தில் சேர்த்தார். 1864இல் வெளிவந்த பிரித்தானிய மருந்து நூலிலும் இவ்வேர் இடம்பெற்றது. சித்த மருத்துவர் இதனைப் 'பாதாளமூலி' என்றும் வழங்குவர். உடற்சூடு தணியவும் சிறுநீர் பெருகவும் குருதி தூய்மையாகவும் இதனைப் பயன்படுத்துவது அவர்தம் மரபு.

வேர் மெலிந்து நீண்டு, ஆங்காங்கே வளைந்து காணப்படும். மேற்பட்டை கரும்பழுப்பு நிறமுடையது. குறுக்கே வெடிப்புகளும் நெடுக்கே கீறல்களும் இருக்கும். உள்ளே மஞ்சள் சாயலுள்ள கட்டைப்பகுதி உண்டு. மென்றால் சிறிது இனிப்புத் தோன்றும். இதன் நறுமணத்திற்குக் காரணமான பொருளும், வனிலாவில் உள்ள வனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை; அவ்வணுக்கள் இணைந்துள்ள அமைப்பே வேறு. இம்மணப்பொருள் ஆவியாகும் தன்மையது. ஆதலால் வேரை இடித்து வெந்நீரில் ஊறவைத்து வடித்தெடுப்பதே சிறந்த முறை. நெடுநேரம் கொதித்தால் மணம் குன்றும்.

மாகாளிக் கிழங்கிலும் இதே மணப்பொருள் உண்டு. எனவே நன்னாரிக்கு மாற்றாக அதனை விற்பதும் நிகழ்கிறது. மாகாளி வேர் பருத்துச் சதைப்பற்றுடன் இருக்கும். நன்னாரி வேரோ மெலிந்து கட்டையாய் இருக்கும். ஆகவே மூக்கை மட்டும் நம்பாமல் கண்ணாலும் தேர்ந்து வாங்குதல் வேண்டும். மருந்துக்கு வாங்குவோர்க்கு இது மிகவும் இன்றியமையாதது.

இன்னொன்றும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். வேரைத் தோண்டுகையில் கொடியே அழிந்துபோகக்கூடும். வேரில் ஒரு பகுதியை மண்ணில் விட்டுவைத்தால் அது மீண்டும் தளிர்க்க வாய்ப்புண்டு. தண்டுத் துண்டுகளை நட்டும் வளர்க்கலாம். இல்லத் தோட்டத்திலும் கல்லூரி வளாகத்திலும் ஒரு நன்னாரிக் கொடியை நாம் நட்டு வளர்ப்போமாக! இறைவன் அருளிய இக்கொடையை அடுத்த தலைமுறைக்கும் விட்டுச்செல்வது நம் கடமையன்றோ!