தினை மாவில் மரபணுவின் பணி
கொல்லிமலையின் அரியூர் நாடு உள்ளிட்ட பகுதிகளில் மலையாளிப் பழங்குடியினரின் உணவாயிருந்த தினை, சாமை முதலியவற்றின் பரப்பு, மரவள்ளி பரவியபின் சுருங்கியது. நாட்டு விதை மறையின் அதிலுள்ள மரபணு வடிவமும் மறையும்.

மரபணு மாவுப்பொருளை நேரே ஆக்குவதன்று; புரதத்தையே விதிக்கிறது. உட்கருவில் அதன் செய்தி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. ரைபோசோம் அதனை மும்மூன்று எழுத்துகளாக வாசித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. தினையில் ‘வாக்சி’ மரபணு இவ்வாறு தரும் நொதியே அமைலோஸை உண்டாக்குகிறது. கிழக்காசிய வகைகள் சிலவற்றில் இடம்பெயரும் டி.என்.ஏ. துண்டு இம்மரபணுவின் இடையே புகுந்தமையால் செயல்படும் நொதி உருவாவதில்லை. சமைத்த தினை பசைபோல் ஒட்டும். (அங்கு மக்கள் அதனை விரும்பித் தேர்ந்தனர்.) இந்தியத் தினையோ பொதுவாக ஒட்டாதது. அயோடின் இட்டால் அமைலோஸ் உள்ள மாவு கருநீலமாகும். அஃது இல்லாதது செம்பழுப்பாகும்.