வீடா, ஆபீசா?

ஊழியர் எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பது என்பதில் நிறுவனங்கள் மல்லுக்கட்டுகின்றன. மேலதிகாரியின் போக்கைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

2020 ஏப்ரல். கொரோனா ஊரடங்கில் நாடே முடங்கிக் கிடந்தது. நாட்டின் மிகப் பெரிய சாஃப்ட்வேர் நிறுவனமான டி.சி.எஸ். ஒரு திட்டத்தை அறிவித்தது. 2025-க்குள் எந்த நேரத்திலும் 25 சதவிகித ஊழியர்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும். மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்.

மூன்றரை ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 2023 அக்டோபரிலிருந்து வாரத்தின் ஐந்து வேலை நாட்களும் அலுவலகம் வரவேண்டும் என்றது அதே நிறுவனம். 2024-ல் ஊக்கத் தொகைக்கும் வருகைப் பதிவுக்கும் முடிச்சுப் போட்டது. முழுத் தொகையும் வேண்டுமானால் 85 சதவிகிதத்துக்கு மேல் வருகை இருக்க வேண்டும். விப்ரோவோ 2023 நவம்பரில் வாரம் மூன்று நாள் வந்தாக வேண்டும் என்றது.

நிர்வாகங்களின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கல்லூரியிலிருந்து நேரே வரும் இளைஞர்கள் மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொழில் பழக வேண்டும். வாடிக்கையாளரின் ரகசியங்களைக் காக்க வேண்டிய பொறுப்பும் இருக்கிறது. 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 ஊழியர்களை நீக்கியதாக விப்ரோ அறிவித்தபோது சந்தேகம் இன்னும் வலுத்தது.

ஊழியர்களின் கணக்கு வேறு. பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு, வீட்டிலிருந்து வேலை என்றால் போக்குவரத்து நெரிசலில் தொலையும் மணிகள் மிச்சம். கைக்குழந்தையை வைத்திருக்கும் பெண்ணுக்கு அதுதான் வேலையில் நீடிக்க ஒரே வழி.

சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது, அரை மனதாக. 2017-ல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம் 26 வார விடுப்பு முடிந்ததும் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்தது. ஆனால் வேலையின் தன்மை இடம் கொடுக்க வேண்டும்; நிபந்தனைகளை முதலாளியும் ஊழியரும் பேசி முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் சாவி மேலதிகாரி கையில்தான். நல்ல அதிகாரி வாய்த்தால் சலுகை, இல்லாவிட்டால் ராஜினாமா.

சலுகை கிடைத்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. அமெரிக்காவில் விடியும்போது இங்கே கூட்டம் தொடங்குகிறது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப். இரவு 11 மணிக்கு வரும் செய்திக்கு உடனே பதில் போடாவிட்டால், வேலையில் அக்கறை இல்லாதவர் என்ற பெயர். ஆளை எடை போட அதிகாரிக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அவர் எவ்வளவு நேரம் கண்ணில் படுகிறார் என்பதுதான் என்றால், வீடும் அலுவலகத்தின் இன்னொரு அறையாகிவிடுகிறது.

இது எங்கே போய் முடியும் என்ற அச்சத்தை 2024-ல் புனே கிளப்பியது. அங்கே ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் மார்ச்சில் சேர்ந்த 26 வயதுப் பெண் ஜூலையில் இறந்துபோனார். அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியாகி நாட்டை உலுக்கியது. இரவுகளிலும் வார விடுமுறையிலும் ஓயாத வேலை. கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஏற்றபடி கூட்ட நேரத்தை மாற்றிவிட்டு, நாள் முடியும் நேரத்தில் வேலையைத் தலையில் கட்டும் மானேஜர். இப்படிப் போனது அந்தக் கடிதம். வேலைப் பளு சாவுக்குக் காரணமல்ல என்று நிறுவனம் மறுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே விசாரணையில் இறங்கியது.

கடிதத்தில் இருந்த புகார் எதுவும் இடத்தைப் பற்றியதல்ல. மேலிருப்பவர்களின் மனப்போக்கைப் பற்றியது. அந்த மனப்போக்கு உச்சியிலிருந்தே இறங்குகிறது. இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, 2023-ல். எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் வரை போனது 2025 ஜனவரியில் தெரியவந்தது. வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார்.

வேலை நேரம் முடிந்தபின் அலுவலக அழைப்பை மறுக்கும் உரிமை கோரி சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதா எதுவும் 1970-க்குப் பிறகு சட்டமானதில்லை.

வருகைப் பதிவு இயந்திரம் ஊழியர் வந்தாரா, இல்லையா என்று துல்லியமாகச் சொல்லிவிடும். இன்றிரவுக்குள் முடியாது என்று அவர் மானேஜரிடம் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதைக் கண்டுபிடிக்க மட்டும் இன்னும் இயந்திரம் வரவில்லை.