கமிஷனைக் குறைத்த சார்லஸ் ஷ்வாப்



அமெரிக்கப் பங்குச் சந்தையில் 1975 வரை எந்தத் தரகரிடம் போனாலும் நிர்ணயித்த கமிஷனைத்தான் கொடுக்க வேண்டும். அந்த ஆண்டு மே 1 அன்று அந்த விதி நீங்கியது. பெரிய நிறுவனங்களில் சில, சிறு முதலீட்டாளர்களுக்குக் கட்டணத்தை ஏற்றின. தரகு நிறுவனம் நடத்திய சார்லஸ் ஷ்வாப் துணிந்து குறைத்தார். எந்தப் பங்கை வாங்கலாம் என்று அவர் நிறுவனம் அப்போது யோசனை சொல்லவில்லை. வாடிக்கையாளர் கேட்டதை வாங்கித் தந்தது, விற்கச் சொன்னதை விற்றுத் தந்தது. ஊழியருக்கும் கமிஷன் இருக்கவில்லை, சம்பளம்தான்.

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் 1937-ல் பிறந்தவர் ஷ்வாப். சிறுவனாக இருந்தபோதே வால்நட் பொறுக்கி மூட்டையாக விற்றார். கோழி வளர்த்து முட்டையை விற்றார், எருவையும் காசாக்கினார். கணக்கு சுலபமாக வந்தது, வாசிப்புதான் பெரும்பாடு. ஸ்டான்ஃபோர்டில் முதலாண்டு ஆங்கிலத்தில் தோற்றே போனார். டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடுதான் காரணம். அது தெரிந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான், மகனுக்கும் அதே குறைபாடு என்று கண்டறிந்தபோது! அத்தனை காலம் அந்தச் சுமையோடு அவர் ஓடியது உண்மையிலேயே பெரிய விஷயம்.

1983-ல் நிறுவனத்தை பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு விற்றார். 1987-ல் பல மடங்கு விலை கொடுத்து மீட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் பங்கு வெளியீடு; அக்டோபரிலேயே சந்தை பெரும் சரிவு கண்டது. நிறுவனம் தாக்குப்பிடித்தது. 2019-ல் ஆன்லைனில் அமெரிக்கப் பங்குகளை வாங்க, விற்க கமிஷனே இல்லை என்று அறிவித்தது.